பார்த்ததாகக் காட்டுகிறது

பெற்றோர் சங்கத்தின் பெருமைமிகு தலைவர் அவர்களே, கணக்குத் தணிக்கையைத் தொழிலாகவும் கண்டிப்பைக் குணமாகவும் கொண்டு, நாற்காலி வரிசை நூல் பிடித்தாற்போல் இல்லாவிட்டால் கூட்டத்தையே தொடங்க மறுக்கும் ஒழுங்கின் காவலரே, பள்ளியின் தாளாளர் அம்மையார் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் கையில் கைப்பேசியுமாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்சுவரில் சாய்ந்து நின்றபடி இது எப்போது முடியும் என்று கடிகாரம் பார்க்கும் தந்தையர்களே, என் கட்சிக்காரர்களே, மூன்றாம் வரிசை ஓரத்தில் அமர்ந்து, நான் என்ன உளறப்போகிறேனோ என்று உற்று நோக்கும் என் துணைவியார் அவர்களே, அனைவருக்கும், அலுத்துப்போன ஒரு மனிதனின் அன்பு வணக்கம்.

அலுத்துப்போனவன் என்று அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நான் குளிர்சாதனப் பெட்டி விற்கும் ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெட்டி குளிரவில்லை என்று ஒரு மெயில், பெட்டி அதிகமாகக் குளிர்கிறது என்று ஒரு மெயில், பெட்டி குளிர்கிறது ஆனால் கத்துகிறது என்று ஒரு மெயில். காலையில் கண் விழித்ததும் கைப்பேசியில் மெயில். அலுவலகம் போனால் கணினியில் மெயில். வீடு திரும்பினால் மகள் படம் வரையும் டேப்பில், அவள் வரைந்த யானையின் தலைக்கு மேலே மெயில். எத்தனை கருவிகள் வாங்கினோம்? வேலை குறைந்ததா? கருவிக்கு ஒரு கை கூடியதே தவிர, கவலைக்கு ஒரு கை குறைந்ததா?

கை தட்டாதீர்கள். தட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் பேசுவேன். தலைவர் முகத்தைப் பாருங்கள்.

தலைவர் அவர்கள் என்னை எதற்காக அழைத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று இந்த மன்றத்தின் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. பள்ளிப் பேருந்துகளின் பொறுப்பாளரை, குழந்தைகள் பஸ் அக்கா என்று அழைக்கும் அந்தப் பெண்மணியை, வேலையிலிருந்து நீக்கவேண்டும் என்பது தீர்மானம். நீக்கிய காரணத்தை எழுத்தில் குறிக்கவேண்டும் என்பது அதன் இரண்டாம் பகுதி. காரணம், மெயிலைப் பார்த்துவிட்டும் அலட்சியமாக இருந்து ஒரு குழந்தையைத் தெருவில் விட்டது. இந்தத் தீர்மானத்தை வழிமொழிய என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன் என்னை? தெருவில் விடப்பட்ட குழந்தை என் மகள்.

ஆம், நான்தான் அந்த அப்பா. பின்னால் நிற்கும் சிலர் இப்போதுதான் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார்கள். நன்றி.

அன்று என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பவர். அன்று கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. மாலையில் அவர் வர நேரமாகும் என்பது காலை வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மகளை எங்கள் நிறுத்தத்தில் இறக்காமல் என் அக்கா வீட்டு நிறுத்தத்தில் இறக்கிவிடவேண்டும். பள்ளிக்குப் போன் செய்தால் போதும்தானே? போதாது. போனில் சொல்வது செல்லாது, எதுவாக இருந்தாலும் மெயிலில் வரவேண்டும் என்பது நம் சங்கத்தின் விதி. என் மனைவி விதியை மதிப்பவர். பேருந்தின் எண்ணைக் குறிப்பிட்டு மெயில் அனுப்பினார். அனுப்பியாயிற்று என்ற நிம்மதியில் கண்ணாடிச் சட்டங்களை எண்ணப் போனார்.

மாலை மழை. என் அக்கா போன் செய்தார். "ஏன்டா, பாப்பா இன்னும் வரலையே, பஸ் லேட்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும், நான் எங்கள் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதைச் சொல்லமாட்டேன். பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நிறுத்தத்துக்கு எதிரே சாவி செய்யும் கடை. அந்தக் கடைக்காரர் குழந்தை நனைவதைப் பார்த்து உள்ளே அழைத்துத் தன் முக்காலியில் உட்கார வைத்திருந்தார். என்னைக் கண்டதும் என் மகள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. "பஸ் அக்கா சொல்லலைப்பா, சொல்லியிருந்தா டிரைவர் அங்கிள் மறக்கமாட்டாரு," என்றாள். அந்தக் கடைக்காரருக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு சீட்டு வருகிறது. வாங்கிக்கொள்கிறேன். மேடையில் பேசுகிறவனுக்குத் தெரியாதா துண்டுச்சீட்டில் என்ன இருக்கும் என்று? சுருக்கமாக முடிக்கவும். சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன், தலைவரே. பத்திரமாக இருக்கும்.

மறுநாள் பள்ளி சொன்னது: மெயில் வந்திருக்கிறது. வந்தது மட்டுமல்ல, பார்த்ததாகக் காட்டுகிறது. அலுவலகக் கணினியில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். என் மனைவியின் மெயில் இருந்தது, படிக்கப்பட்டது என்ற அடையாளத்தோடு. பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது? பஸ் அக்காவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அன்று முதல் செய்திகள் பறந்தன. குழந்தையைத் தொலைத்தவள் என்றார் ஒருவர். போனை நோண்டுகிறவளுக்கு வேலை எதற்கு என்றார், அதைப் போனை நோண்டியே எழுதிய இன்னொருவர். எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எத்தனை பேர், அவளை அடி என்று சொன்னவர்கள் எத்தனை பேர். எல்லாவற்றையும் படித்தேன். படித்துப் படித்து எனக்கும் கோபம் ஏறியது என்பதை ஏன் மறைக்கவேண்டும்?

ஏறிய கோபத்தோடு அந்தப் பெண்மணியைத் தேடிப் போனேன். தன் பொருட்களை எடுத்துப்போகப் பேருந்துக் கொட்டகைக்கு வந்திருந்தார். டீசல் வாசம், ஈரத் தரை, கழற்றி வைத்த ஒரு சக்கரம், சுவரில் பேருந்துகளின் சாவிகள் தொங்கும் பலகை. அதன் கீழே ஒரு மேசை. அவருடைய அலுவலகம் அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் எழுந்து நின்றார். "பாப்பாக்குக் காய்ச்சல் ஏதும் வரலையே சார்?" என்றார்.

பிறகு அவரே சொன்னார். "நான் பார்த்ததாத்தான் சார் காட்டுது. எனக்கும் காட்டினாங்க. ஆனா என் கண்ணு அதைப் பார்க்கல. ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன், பார்த்துட்டு மறந்துட்டேனா, என் மூளைதான் கெட்டுப்போச்சான்னு." பொய் சொல்கிறவர் தன் மூளையைச் சந்தேகிப்பாரா? எதிராளியின் மூளையைத்தானே சந்தேகிப்பார்?

நான் புகார்ப் பிரிவுக்காரன். புகார் வந்தால் பெட்டியைத் திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிப் பழக்கமில்லை. அவர் கைப்பேசியை மேசைமேல் வைக்கச் சொன்னேன். என் கைப்பேசியிலிருந்து, சோதனை என்று தலைப்பிட்டு, எங்கள் பேருந்தின் எண்ணையும் குறிப்பிட்டு, பள்ளிப் பேருந்து முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது. டிங் என்று ஒலித்தது. அவர் கைத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு திரையைத் தொடுவதற்குள், அன்பர்களே, அந்த மெயில் எங்கள் கண் முன்னாலேயே மறைந்துவிட்டது.

எங்கே போயிற்று? யார் எடுத்தார்கள்? யாரும் எடுக்கவில்லை. மைதானத்தைத் தாண்டி, மாடியில், பூட்டிய அறையில், ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அலுவலகக் கணினி எடுத்தது. அலுவலக உதவியாளரைக் கெஞ்சி அறையைத் திறக்கச் சொல்லி நானே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பேருந்துக்கும் ஒரு ஃபோல்டர். அழகான ஃபோல்டர்கள், ஒரே அளவான பெயர்கள், எண் வரிசை. மெயிலில் எந்தப் பேருந்தின் எண் இருக்கிறதோ அந்த ஃபோல்டருக்குக் கணினியே அதை நகர்த்திவிடும். நகர்த்தியது நகர்த்தியதுதான். அந்த ஃபோல்டர்கள் அந்தக் கணினிக்குள் மட்டுமே இருப்பவை. அதன்பிறகு அந்த மெயில் பஸ் அக்காவின் கைப்பேசியில் இராது, கொட்டகையில் இருக்கும் கண்ணாடி விரிசல் விட்ட டேப்பிலும் இராது. காலையில் அந்தக் கணினியைப் போடுவதற்குமுன் வரும் மெயில்களை பஸ் அக்கா கைப்பேசியில் படித்துவிடுவார். கணினியைப் போட்டபின் வருவதெல்லாம் அதன் வயிற்றுக்குள். என் மனைவியின் மெயில் போட்டபின் வந்தது.

சரி, நகர்த்தட்டும். பார்த்ததாக ஏன் காட்டியது? படிக்காத மெயில்கள் தடித்த எழுத்தில் தெரியும், பக்கத்தில் ஓர் எண்ணும் ஏறிக்கொண்டே போகும். அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது, பெற்றோர் குழு பார்வையிட வரும்போது மானம் போகிறது என்று, நகர்த்தும்போதே படித்ததாகவும் குறித்துவிடு என்று கணினிக்கு உத்தரவு போட்டிருந்தார்கள். போட்டவர் உதவியாளர். போடச் சொன்னது யார்?

யாரும் தலையைக் குனியவேண்டாம், சொல்கிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தின் தீர்மானம் அது. பேருந்து மெயில்கள் வகைப்படுத்தப்படவேண்டும், நிலுவை எதுவும் தெரியக்கூடாது. தலைவர் முன்மொழிந்தார், இந்த மன்றம் கை தட்டியது. கூரை அதிரத் தட்டியது. தவறான நோக்கமா? இல்லவே இல்லை. எதுவும் தொலைந்துபோகக் கூடாது என்ற நல்ல நோக்கம். தொலையக்கூடாது என்று நாம் கட்டிய அடுக்கில்தான் அத்தனையும் தொலைந்திருக்கிறது.

அத்தனையும் என்றா சொன்னேன்? ஆம். வலப்பக்கம் நீலச்சட்டை அணிந்த நண்பர் ஏதோ கேட்கிறார். தன் மகனுக்கு அம்மை போட்டிருக்கிறது, பேருந்து வரவேண்டாம் என்று மெயில் போட்டும், தினமும் வாசலில் வந்து ஹாரன் அடித்தார்களாம். ஐயா, உங்கள் மெயில் அங்கேதான் இருக்கிறது. பார்த்தேன். அந்த அம்மா தலையாட்டுகிறார், உங்களுடையதும் இருக்கிறது. இருக்கை உயரமாக இருக்கிறது என்று ஒரு மெயில். ஜன்னல் கம்பி ஆடுகிறது என்று ஒரு மெயில். என் பையனை முன்னால் உட்கார வையுங்கள், அவனுக்கு வாந்தி வரும் என்று ஒரு தாயின் மெயில். ஒன்றில்கூட மனிதக் கண் படவில்லை. ஒன்றுகூட விடாமல், பார்த்தாயிற்று, பார்த்தாயிற்று, பார்த்தாயிற்று. எனக்கு அப்போது கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. உட்கார்ந்தேன்.

இன்னொரு சீட்டா? வாங்கிக்கொள்கிறேன். தம்பி, இதையும் பையில் போடுகிறேன். முதல் சீட்டுக்குப் பேச்சுத் துணை கிடைத்தது.

எல்லோரையும் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன உத்தமனா? என் அலுவலகக் கணினியில் அவசரம் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அது நிரம்பியதும் மிக அவசரம் என்று இன்னொன்று திறந்தேன். அதுவும் நிரம்பியதும் நாளை என்று ஒன்று. அதில் போட்ட எதுவும் மறுநாள் வெளியே வந்ததில்லை. நம் எல்லோர் கதையும் இதுதானே? கைப்பேசியில் பார்த்ததைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். கணினியில் பார்த்ததை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். மூன்று இடத்தில் பார்க்கலாம் என்று ஆன நாள்முதல் ஓரிடத்திலும் பார்ப்பதில்லை. எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டால் போதும், வேலை முடிந்த மாதிரி ஒரு சுகம். அந்தச் சுகத்துக்குப் பெயர் ஒழுங்கு என்று வைத்திருக்கிறோம்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். பார்க்காததைப் பார்த்தாய் என்று ஒரு கணினி சொல்கிறது. பார்க்கவில்லை என்று, நம் பிள்ளைகளை நித்தம் நித்தம் ஏற்றி, கதவைச் சாத்தி, கையைத் தட்டி அனுப்பிய ஒரு பெண் சொல்கிறார். நாம் யாரை நம்பினோம்? கணினியை நம்பினோம். அதில் வியப்பில்லை, எனக்கே அப்படித்தான் தோன்றியது. என் வருத்தம் வேறு. அந்தப் பெண்மணி தன்னையே நம்பாமல் போய்விட்டாரே, அதுதான். வேலை போனால் வேறு வேலை தேடலாம். குழந்தையைத் தெருவில் விட்டவர் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால், எந்தப் பள்ளி வாசல் மிதிப்பார்? தன் மூளையே கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டு எத்தனை காலம் வாழ்வார்?

தலைவர் ஒலிவாங்கிக்கு அருகே குனிந்து ஒன்று சொல்கிறார். நீங்களே சத்தமாகச் சொல்லலாமே, தலைவரே. சரி, நானே சொல்கிறேன். அந்த அம்மாளுக்கு இந்தக் கூட்டத்துக்கு முறைப்படி அழைப்பு அனுப்பினார்களாம், வந்து தன் தரப்பைச் சொல்லாமல் மன்றத்தை அவமதித்தாராம். அழைப்பை எப்படி அனுப்பினீர்கள் ஐயா? மெயிலில். எந்த முகவரிக்கு? பள்ளிப் பேருந்து முகவரிக்கு. அழைப்பில் பேருந்து எண் இருந்ததா? இருந்தது.

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அந்த அழைப்பும் இந்நேரம் அழகாக அடுக்கப்பட்டு, படித்ததாகக் குறிக்கப்பட்டு, எங்கள் பேருந்தின் ஃபோல்டரில் என் மனைவியின் மெயிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது சீட்டு. கொடுங்கள், கொடுங்கள். இதுவும் பைக்கு. தலைவர் கைகளை விரித்து, நான் அனுப்பவில்லை என்பதுபோல் ஏதோ காட்டுகிறார். அனுப்பாமல் எங்கிருந்து வருமாம்? முடித்துவிடுகிறேன், ஐயா, முடித்துவிடுகிறேன்.

ஒரு வீட்டு விஷயம். கணினி அறையிலிருந்து வீட்டுக்குப் போய் இதையெல்லாம் என் மனைவியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மகளின் பையை அடுக்கினார். எனக்கு ஆறுதல் சொன்னவர்களைவிட அவருக்குச் சொன்னவர்கள் அதிகம். அவர்கள் ஊட்டிய அத்தனை கோபத்தையும் அவர் ஒருவரே சுமந்திருந்தார். இன்று மன்ற வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார். "என்ன வேணா பேசுங்க. ஆனா மழையில நின்னது நம்ம புள்ளைங்கறதை மறந்துட்டுப் பேசாதீங்க," என்றார். மறக்கவில்லை. அதை மறக்காததால்தான் பேசுகிறேன். நாளை அதே விதி, அதே ஃபோல்டர், வேறொரு பொறுப்பாளர். மறுபடி ஒரு மழை வராதா? மறுபடி ஒரு மெயில் மறையாதா? மறுபடி நிற்கப்போவது யாருடைய பிள்ளை? ஆளை மாற்றிவிட்டு அடுக்கை அப்படியே வைத்திருந்தால், அடுத்த பிள்ளைக்கு நாம் சொல்லப்போகும் பதில் என்ன? பார்த்ததாகக் காட்டுகிறது என்பதா?

ஆகவே, தலைவர் அவர்களே, தாளாளர் அவர்களே, தாய்மார்களே, தந்தையரே, இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழியவில்லை. அந்த உத்தரவைக் கணினியிலிருந்து நீக்குங்கள். பிள்ளையைப் பற்றிய செய்தி எல்லாக் கருவியிலும் தெரியட்டும், தடித்த எழுத்தில், அசிங்கமாகவே தெரியட்டும். போன் செய்தால் எடுத்துக் கேட்கட்டும். பஸ் அக்கா தன் மேசைக்குத் திரும்பட்டும். என் மகளை அவர் பேருந்தில்தான் அனுப்புவேன். இதைச் சொல்லும் உரிமை வேறு யாருக்கு இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கை தட்டுகிறீர்கள். போதும். சென்ற முறையும் இப்படித்தான் தட்டினீர்கள். யோசித்துவிட்டுத் தட்டுங்கள்.

முடிக்கும் முன்னால் தலைவருக்கு மரியாதையாகச் சீட்டுகளைப் படித்துவிடுகிறேன். முதல் சீட்டு: சுருக்கமாக முடிக்கவும். நான் சொன்னேனா இல்லையா? இரண்டாவது: தயவுசெய்து முடிக்கவும். தயவுசெய்து என்பது புதிது. மூன்றாவது…

மன்னிக்கவேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

இது தலைவர் எழுதியதல்ல. என் மனைவியின் கையெழுத்து. படிக்கிறேன். "நான்தான் பஸ் அக்காவுக்குப் போன் பண்ணி வரச் சொன்னேன். வந்துட்டாங்க. மெம்பர் கார்டு இல்லைன்னு உள்ள விடமாட்டேங்கறாங்க. வெளியே நிக்கறாங்க. நீங்க சொன்னா விடுவாங்க."

இவ்வளவு நேரமும் இது என் சட்டைப்பையில் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வாங்கினேன், வகைப்படுத்தினேன், பையில் போட்டேன். கணினியைக் குறை சொல்லிக்கொண்டே போட்டேன். இதற்குமேல் நான் இந்த மேடையில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

வாசலில் நிற்கும் தம்பி, அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள். அட்டை கேட்காதீர்கள். முன்வரிசையில் யாராவது ஒரு நாற்காலியைக் காலி செய்து கொடுங்கள். வரிசை கோணினாலும் பரவாயில்லை, தலைவர் இன்றைக்குப் பொறுத்துக்கொள்வார்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்கமுடியாமல் சீட்டு அனுப்பியவருக்கும், எனக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட என் மனைவிக்கும் நன்றி. வணக்கத்தைப் பேச்சின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஒருவருக்கு மட்டும் பாக்கி. உள்ளே வாருங்கள் அம்மா. வணக்கம். பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏதும் வரவில்லை. நன்றாக இருக்கிறாள்.